மண்ணீரலுக்குப் போகாத சிவப்பு நூல்

பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும் கல்லீரலை மண்டையில பத்திரமா வச்சிருந்துட்டு, மறுநாள் ஹால் வாசல்லயே தொலைச்ச கூட்டாளிகளா, வெக்கப்படாம உட்காருங்க. உடம்பைச் சொல்லித் தர்ற தொழில்ல, சொல்லித் தர்றவனுக்கு உடம்பு தெரிஞ்சிருக்கணும்னு சட்டமே இல்ல. நானே சாட்சி. பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டு ஓடினவன், மெர்டேக்கா வருஷம், அதான் சுதந்திரம் கிடைச்ச வருஷம், மலாக்காவுல நர்ஸுங்க படிக்கிற இடத்துல எடுபிடி.

சுவத்துல ஒரு ஆளு

மலாய், சீனம், தமிழ்னு ஆளுக்கொரு பாஷை பேசுற பிள்ளைங்க. அதனால பெரிய மிஸ்ஸி, அதான் தலைமை நர்ஸு, ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. உறுப்புக்கு ஒரு அட்டை, எல்லாம் சுவத்துல, ஒரு ஆளு நிக்கிற மாதிரி. வெள்ளை நூல் கட்டினா, இது அதோட பகுதி. சிவப்பு, ரத்தம் போற வழி. மஞ்சள், நரம்பு. பேசவே வேணாம், நூலைத் தடவிக்கிட்டே போனா போதும்.

ஒரு மாசம் கட்டினேன். ஃபேன் சுத்துனா அட்டையெல்லாம் ஆடி அந்த ஆளு மெதுவா மூச்சு விடுவான். நான் கீழ படுத்துக்கிட்டு, அந்தச் சிவப்பு ஆத்துல படகு விட்டுக்கிட்டே எங்கயோ போயிருவேன். கடைசியில மண்ணீரல் அட்டைக்கு மட்டும் சிவப்பு இல்ல.

"ஜாலான் பெண்டஹாரா கடைத்தெரு பூரா தேடிட்டேன் மிஸ்ஸி, சிவப்பு நூலெல்லாம் கொடி தைக்கப் போயிருச்சு"ன்னேன்.

"நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்சா மண்ணீரலுக்குப் பட்டினியாடா?"

தேவியோட விரல்

தேவி நான் குடியிருந்த காஜா பெராங் பக்கம்தான், பல தலைமுறையா மலாய் பேசுற செட்டிங்க இருக்கிற கம்போங் செட்டி பிள்ளை. கோயில்ல புழங்குற தமிழ் மட்டும் தெரியும், மத்ததெல்லாம் மலாய். ரெண்டு தடவை பெயில். இன்னொரு தடவை போனா வீட்டுக்கு அனுப்பிருவாங்க.

கண்ணை மூடிக்கிட்டு நூலைத் தடவுவா பாருங்க, இதயத்துல ஏறி கால் கட்டைவிரல்ல இறங்குவா. மண்ணீரல்ல மட்டும் விரல் நின்னுச்சு. இதுக்கு ரத்தம் வேணாமான்னு மலாய்ல கேட்டா.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அது விரதம்"னேன்.

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். சிரிப்பான்னு பாத்தேன். பயபக்தியா தலையாட்டிட்டு மலாய்லயே சொன்னா:

"உடம்புக்குள்ள ஒரு உறுப்பாவது சாமி கும்பிடுதே, நல்லது."

காத்துல நின்ன விரல்

வாய்மொழிப் பரீட்சை. நான் ஜன்னலுக்கு வெளிய. டாக்டர் கேக்கக் கேக்க, தேவி காத்துலயே நூல் தடவி எல்லாத்துக்கும் சரியா சொன்னா. கடைசிக் கேள்வி, மண்ணீரலுக்கு ரத்தம் எங்கிருந்து வருது?

விரல் நின்னுச்சு. "அது விரதம், டாக்டர்."

பேனாவைக் கீழ வச்சுட்டாரு. யாரு சொல்லித் தந்ததுன்னு கேட்டாரு. தேவி ஜன்னல் பக்கம் என்னை ஒரு பார்வை பாத்தா. எனக்குத்தான் ரத்தமே ஓடல.

"சுவருதான், டாக்டர்."

மறுபடியும் பெயில், ஆனா மிஸ்ஸி கெஞ்சினதால வீட்டுக்கு அனுப்பல. கூடப் படிச்சவளுங்க வார்டுக்குப் போயிட்டாளுங்க, இவ மட்டும் மூணு மாசம் அதே சுவத்தோட.

கடையில சிவப்பு நூல் இருந்துச்சு கூட்டாளிகளா, வாங்கவும் வாங்கினேன், அது வாங்கின அன்னிக்குச் சாயந்தரமே காஜா பெராங் வானத்துல என் பட்டத்தோட பறந்துக்கிட்டு இருந்துச்சு.