ஓவனுக்கு ஒரு நாள் ஓய்வு

தாமல் சங்கரி அணுக்கழிவில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் ஊரில் பாதிப் பேர் ஓரடி தள்ளி நிற்பார்கள். மீதிப் பேர், இவ்வளவு படித்துவிட்டுக் குப்பையில்தான் வேலையா என்று உச்சுக் கொட்டுவார்கள். அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கிறவனுக்கு மாலை, மரியாதை. மிச்சத்தைக் கண்ணாடியோடு உருக்கி இறுக்கி, பல்லாயிரம் வருஷம் கசியாமல் காக்கிறவளை எவன் திரும்பிப் பார்த்தான்? பதினெட்டு வருஷமாகக் காஞ்சிபுரத்தில் விடியற்காலை பஸ் பிடித்துக் கடலோர ஆய்வகத்துக்குப் போய் வந்தவளுக்கு அந்த ஆற்றாமை உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

அணு விஞ்ஞானிகள் சங்கம் ஒன்று தன் வருடாந்திர விருதை முதல் முறையாகக் கழிவுத் துறைக்குத் தர முடிவு செய்து, அவளைத் தேர்ந்தெடுத்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பட்டியல் அச்சுக்குப் போகிறது. கணவன் குரு அதற்குள் தெருவுக்கே ஜாங்கிரி சொல்லிவிட்டான்.

அன்று நாலு மணிக்கு ஆய்வக உதவியாளர் ஆனந்தராஜ் போன் செய்தார்.

"மேடம், இந்த ப்ரைஸ்ல எனக்கும் பங்கு இருக்குது. ஆயுத பூஜைக்கு நீங்க லீவு. நம்ம ஓவன் மட்டும் பாவம், ராவும் பகலும் ஓடிக்கினே இருந்துச்சி. ஆஃப் பண்ணி, பொட்டு வெச்சி, ஒரு நாள் ரெஸ்ட் குடுத்தேன். மறுநாள் போட்டுட்டேன். அந்த ராசிதான் மேடம்!"

கண்ணாடித் துண்டுகளைத் தண்ணீரில் போட்டு, ஓவனில் தொண்ணூறு டிகிரிச் சூட்டில் இருபத்தெட்டு நாள் விடாமல் வைத்து, எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனை அது. சூடு குறைந்தால் கசிவும் குறையும். விருது வாங்கித் தந்ததே அந்தக் குறைந்த கசிவுதான்.

லேப்டாப்பில் ஓவனின் வெப்பப் பதிவைத் திறந்தாள். இருபது மணி நேரம் கோடு கீழே கிடந்தது. அதைப் பார்க்காமலே சோதனை முடிவில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். ஆயுத பூஜையன்று தறிகூட ஓடாத ஊரில் குடியிருக்கிறவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? தன்மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு நாள்தானே சங்கரி? யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் குரு.

"கழிவை எவ்ளோ ஆழத்துல புதைக்கணும்னு இந்த நம்பரை வெச்சிதாங்க முடிவு பண்ணுவாங்க."

ஐந்தரைக்குச் சங்கச் செயலாளரை அழைத்துச் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க பேரை எடுத்துடுவோம்மா. உங்க துறையில பட்டியல்ல வேற ஆளு இல்ல. விருது பழையபடி அணு உலைக்காரங்களுக்குத்தான் போவும். யோசிங்க."

யோசித்தாள். ஐந்து ஐம்பத்தாறுக்கு நாலு வரி அனுப்பினாள்: சோதனை நடுவில் ஓவன் நின்றிருந்தது, பதிவை நான் சரிபார்க்கவில்லை. பிறகு வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை ஆய்வக வாசலில் ஆனந்தராஜ் புதுச் சட்டையில் நின்றிருந்தார்.

"மேடம், மேடையில ஒரே ஒரு தடவ என் பேரைச் சொல்லுங்க. இத்தினி வருஷத்துல யாரும் சொன்னதில்ல. என் பொண்ணு பாக்கட்டும்."

"விருது இல்லண்ணா. அந்தச் சோதனைய மொதல்லேர்ந்து வைக்கணும்."

அவர் முகம் வெளுத்தது. "நான் நிறுத்துனதாலயா மேடம்?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆமாண்ணா. ஆனா எழுதிக் குடுத்ததுல உங்க பேரைப் போடல."

பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்டவர், கையெடுத்துக் கும்பிட்டார்.