அத்தான் பார்த்த சூரியத் திருவிழா

திருச்சி பெரிய தபாலாபீஸில் ஒரு மதிய வேளை, தந்தித் தாளை முன்னால் வைத்துக்கொண்டு நான் நின்றது இன்றும் நினைவிருக்கிறது. மேசையோடு கயிற்றால் கட்டியிருந்த பேனா இரண்டு எழுத்துக்கு ஒரு முறை வறண்டுபோனது. குழந்தை அபாய நிலையில் இருக்கிறது என்று இங்கிலீஷில் எழுதி, பம்பாயிலிருந்த கப்பல் கம்பெனியின் விலாசத்தை எழுதினேன். அத்தானின் கப்பல் எந்த நாட்டுத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே அவர்கள் அதை அனுப்ப வேண்டும். இரண்டு நாள் கழித்து அதே மேசையில் நின்று இரண்டாவது தந்தியையும் நானே எழுதினேன். அபாயம் என்ற சொல் அதில் தேவைப்படவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கடலையே பார்த்திராத ஊரில் பிறந்தவர், சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு தடவை போனால் திரும்பிவர ஒன்றரை வருஷம் ஆகும். அக்கா தனியாக இருக்க வேண்டாம் என்று நான் அவளோடு ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் குடியிருந்தேன். அங்கிருந்து தினமும் பஸ் ஏறித் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு டீச்சர் வேலைக்குப் போவேன். ஐம்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது, அக்காவின் பாப்பாவுக்கு மூன்று.

அந்த ஆனி மாதம் காவிரியில் புதுத் தண்ணீர் வந்த வாரத்தில் பாப்பாவுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். நானும் அக்காவும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் அது நின்றது.

அக்கா அழவில்லை. அன்றும் அழவில்லை, காரியம் முடிந்த பிறகும் அழவில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் வெயில் சுவரில் ஏறி இறங்கும்வரை அங்கேயே இருப்பாள். எழுப்பிக் குளிக்கவைத்து, தலைவாரி, சோற்றைப் பிசைந்து கையில் கொடுக்க வேண்டும். அதையெல்லாம் செய்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடம் தாண்டி இறங்கி, வெறுங்கால் சுட நடந்து வந்திருக்கிறேன். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் “அக்கா எப்படி இருக்காங்க?” என்றுதான் கேட்டார்கள். கேட்க வேண்டியதும் அதுதானே.

அத்தானிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. தந்திகள் தாமதமாகக் கிடைத்தன, உடனே வர வழியில்லை, தை மாதம் வருகிறேன். அவ்வளவுதான். சொன்னபடி தையில் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுக்கொள்வதோடு சரி. பாப்பாவின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வந்த மூன்றாம் நாள் ரத சப்தமி. சூரியன் தன் தேரைத் திருப்புகிற நாள் என்று அந்த ஊரில் எல்லோரும் தலையில் எருக்கிலை வைத்துக்கொண்டு காவிரியில் முழுகுவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்துப் பெண்களோடு போய்ப் பழகியிருந்ததால், அக்கா அன்றைக்கு விடியும் முன்னே தானாக எழுந்து, “ஆத்துக்குப் போகலாம், வாங்க” என்றாள். மூவரும் அம்மா மண்டபப் படித்துறைக்குப் போனோம். முழுகி எழுந்து ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்திருந்தபோது, கிழக்கே வெளுக்கிறதைப் பார்த்தபடி அக்கா கேட்டாள்.

“தந்தி வந்தப்ப நீங்க கப்பல்லதானே இருந்தீங்க?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும், அக்கா நம்பியிருப்பாள். 

“இல்ல” என்றார் அத்தான். “கப்பல்ல ரிப்பேரு. பன்னெண்டு நாள் ஆகும்னாங்க. நான் ஊர் பாக்கப் போயிட்டேன்.”

“எங்க போனீங்க?”

“அந்த நாட்டுக்குப் பேரு பெரு. துறைமுகத்துலேருந்து மலைமேல ரெண்டு நாள் ரயில்ல போகணும். அங்க சூரியனுக்குத் திருவிழா எடுக்கிறாங்கன்னு சொன்னாங்க. அதப் பாக்கப் போனேன்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “இங்க நாங்க தந்தி அடிச்சிட்டுக் காத்துக் கெடந்தோம். நீங்க திருவிழா பாத்தீங்களா அத்தான்?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. படித்துறையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா என் கையைப் பிடித்தாள். “நீ சும்மா இரு. அவர் சொல்லட்டும்.”

அவர் சொன்னார். அந்த நாட்டை முன்னே ஆண்ட இன்கா ராஜாக்கள் தங்களைச் சூரியனின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டவர்கள். வெள்ளைக்காரர்கள் வந்து நிறுத்திய அந்தத் திருவிழாவை ஊர்க்காரர்கள் பதினைந்து வருஷங்களுக்கு முன்னால்தான் மறுபடி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நமக்கு ஆனி என்றால் அவர்களுக்குக் கடுங்குளிர். தூரமாகப் போய்விட்ட சூரியனைத் திரும்பி வா என்று கூப்பிடுகிற நாள் அது. அந்த மலை உயரத்தில் நாலு அடி நடந்தாலே மூச்சு முட்டியதாம். இருட்டிலேயே கிளம்பிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்திருந்தாராம். சுண்ணாம்பே இல்லாமல் ஆளுயரக் கற்களை அடுக்கிய ஒரு கோட்டை. ராஜா வேஷம் கட்டியவரைப் பல்லக்கில் தூக்கி வர, முன்னால் பெண்கள் வழியைப் பெருக்கிப் பூத் தூவினார்கள். “சங்கு ஊதினாங்க. நம்ம சங்கு மாதிரியேதான் இருந்துச்சு” என்றபோது அவர் குரல் லேசாக மலர்ந்து, உடனே அடங்கியது.

“குழந்தைங்க வந்திருந்தாங்களா?” என்று அக்கா கேட்டாள்.

“நிறைய. என் பக்கத்துல ஒரு பொண்ணு, நம்ம பாப்பா உசரம்தான். குளிர்ல நடுங்கிட்டிருந்துச்சு. என் போர்வையில பாதிய அதுக்குப் போத்திவிட்டேன். பல்லக்கு வந்தப்ப அதோட அம்மாகிட்ட கேட்டுட்டு தோள்ல தூக்கிக் காட்டினேன். ஊருக்குப் போனதும் பாப்பாவ இப்படித்தான் தூக்கி வச்சுத் தேர் காட்டணும்னு நெனச்சேன். அங்க விடியறப்ப இங்க பொழுது சாயுற நேரம். அதே நாள், அதே நேரம்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. கப்பலுக்குத் திரும்பினா ரெண்டு தந்தியும் ஒண்ணா இருந்துச்சு.”

நான் சண்டையை எதிர்பார்த்தேன். உள்ளூர விரும்பினேன் என்றே சொல்ல வேண்டும்.

“திருவிழா நல்லா இருந்துச்சா?” என்றாள் அக்கா.

“நல்லா இருந்துச்சு” என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

“நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு அவ மூச்சத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்” என்றாள் அக்கா. “அவளோட மொகங்கூட எங்களுக்கு மறந்துபோச்சு. நீங்க ஒருத்தராவது அன்னிக்கு அவள சந்தோஷமா நெனச்சிருக்கீங்க.” அதைச் சொல்லி முடிக்கும்போதே உடைந்துபோனாள். ஏழு மாதமாக வராத அழுகை அந்தப் படித்துறையில் வந்தது. அத்தான் அவள் முதுகில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சூரியன் மேலே வந்து, எங்கள் துணியெல்லாம் காய்ந்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

ஆனால் என் கோபம் காயவில்லை. பறிகொடுத்த அவளே அவரை மன்னித்துவிட்ட பிறகு, நான் எதற்காக அதைச் சுமந்தேன் என்று இந்த வயதில் யோசிக்கிறேன். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கேட்க ஆளில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: அது அவர்மேல் இருந்த கோபம்கூட இல்லை. நான் களைத்துப்போயிருந்தேன். களைப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை, அதனால் அதைக் கோபம் என்று வைத்துக்கொண்டேன்.

பங்குனியில் அத்தான் மறுபடி கப்பலுக்குக் கிளம்பினார். போகச் சொன்னவள் அக்காதான். திருச்சி ஜங்ஷனில் பகல் ரயில். வந்ததிலிருந்து நான் அவரோடு சரியாகப் பேசியிருக்கவில்லை, அன்றும் கொஞ்சம் தள்ளியே நின்றேன். அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவர் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார். அக்காவைப் பார்த்துக்கொள் என்று சொல்லப்போகிறார் என்றுதான் கிட்டே போனேன்.

“நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்கேம்மா” என்றார். “நான் வந்த அன்னிக்கே பாத்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் நகர்ந்தபோது, “போயிட்டு வாங்க அத்தான்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். அக்கா எழுப்பவில்லை. நான் கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. சமையற்கட்டில் அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.