சத்தம் வராத சிரிப்பு

அக்காவுக்குப் புரையேறிவிட்டது என்று நினைத்து அவள் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டேன். போன மாதம், லிட்டில் இந்தியாவில், வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவில்.

நடந்தது இதுதான். பரிமாற வந்த அண்ணனிடம், “நான் பத்திரிகையில எழுதுறேன்” என்று பந்தாவாகச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முதலில் யூனிவர்சிட்டி வரை போனவள் நான். பெருமையடிக்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டேன் – உங்களுக்குத் தெரியாததா?

அவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். “நீங்கதானா அந்த ராசிபலன் எழுதுறது? கும்ப ராசிக்குப் பொருள் வரவுன்னு போட்டீங்க. அன்னிக்கே என் ஃபோன் தொலைஞ்சிருச்சு.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் நீர். சத்தமே இல்லை. தட்டினேன்.

“விடுடி... சிரிக்கிறேன்.”

சிரிப்பா? இவள் நாலாவது மாடியில் சிரித்தால் கீழ்த்தளத்தில் செஸ் ஆடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களே...

அக்கா மகன் கதிருக்கு எட்டு வயது. ஆட்டிசம் உண்டு. திடீர்ச் சத்தம் அவனுக்கு வலிக்கும். சுவரில் தலையை முட்டிக்கொள்வான். ஹெட்ஃபோன் மாட்டலாமே என்பீர்கள். தலையில் எது பட்டாலும் அவனுக்கு ஆகாது.

“முதல்ல டிவிய நிறுத்தினோம். அப்புறம் மிக்ஸி – பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டிகிட்ட குடுத்துட்டேன், சட்னிய அங்க போய்த்தான் அரைப்பேன். கடைசியா சிரிப்பு. பழகிட்டோம் லா.”

“கதிர்தான் இங்க இல்லையே. அத்தானோட ரயில்ல சாங்கி வரைக்கும் ஒரு சுத்து போயிருக்கான். சத்தமாவே சிரியேன்க்கா.”

அக்கா ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “தெரியும்டி. வரல.”

நான் இலையை மடித்துவிட்டேன்.

கதிர் தூங்கினானா, சாப்பிட்டானா, தெரபி எப்படிப் போகிறது – எல்லோரும் கேட்கிறோம். அவன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று யார் கேட்கிறார்கள்? அவன் மேல் தப்பில்லை. அவன் காதுக்காக ஒரு வீடே தன்னை மாற்றிக்கொண்டது. ஆனால் அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே.

அன்று மாலையே அத்தானிடம் சொன்னேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதிருக்காகச் சுவரில் ஒட்டியிருக்கும் பட அட்டவணையில், ஞாயிறு மதியத்தில் ஒரு படம் வரைந்தார்: கைப்பையோடு வெளியே கிளம்பும் அம்மா. அவருக்கும் செவ்வாய் மாலையில் ஒரு படம்.

கதிருக்கு அட்டவணைதான் சட்டம். அடுத்த ஞாயிறு அக்கா, “இன்னிக்கு வேணாம், துணி கிடக்கு” என்று இழுத்தாளாம். அவன் கைப்பையைக் கொண்டுவந்து மடியில் வைத்து, கதவைத் திறந்துவிட்டு நின்றானாம். இவள் கிளம்பும்வரை நகரவே இல்லையாம்.

நேற்று மறுபடியும் அதே கடை, அதே அண்ணன். “இந்த வாரம் கும்பத்துக்கு எப்படி மேடம்?”

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள்: “புது ஃபோனைப் பத்திரமா வச்சுக்கங்கண்ணே.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நாள் மூடிக்கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் காற்று வருமே, அப்படி. பிறகு – சத்தம். அவளே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

பக்கத்து மேஜைக்காரர் திரும்பி முறைத்தார். பழைய அக்காவாக இருந்தால் கடையே திரும்பியிருக்கும்...

அதுவும் வரும்.