அத்தை வரைந்து கொண்டுவந்த திரை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அதைச் செய்தவனே வந்து பார்த்திருந்தாலும் அடையாளம் கண்டிருக்க மாட்டான். அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டினார். ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துக் கட்டியதை, பிள்ளை படிக்கட்டும் என்று முத்தையாபுரம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. படிக்கத்தான் செய்தேன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில், திரையின் தோற்றத்தை அடியோடு மாற்றும் மென்பொருள் ஒன்று இருந்தது. மூன்று மாதம் அதை மட்டும்தான் படித்தேன்.

ஸ்டார்ட் பட்டன் இருந்த இடத்தில் சிப்பி வந்தது. காத்திருக்கச் சொல்லும் மணல் கடிகாரத்துக்குப் பதில் ஒரு நண்டு பக்கவாட்டில் நடந்தது. குப்பைத்தொட்டி மீன்கூடை ஆயிற்று. கட்டம் கட்டமாக விரியும் எக்ஸெல்லுக்கு உப்பளம் வைத்தேன். அதிலாவது ஒரு நியாயம் இருந்தது. கடிதம் அடிக்கும் வேர்டுக்கு ஆத்தூர் வெற்றிலை. அது ஏன் என்று கேட்டால் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. படங்களுக்குக் கீழே இருந்த இங்கிலீஷ் பெயர்கள் அழகைக் கெடுத்ததால் அவற்றையும் மறைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை ஒரே ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பாவின் தங்கை. விளாத்திகுளத்துப் பக்கம் கட்டிக்கொடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள். அந்த வீட்டில் கிணறே கிடையாது, தெருக்குழாய்தான். அந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தபோது அந்தக் குழாயில் நானே தண்ணீர் பிடித்திருக்கிறேன். இருந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அத்தையைக் கட்டிய மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பைக்கில் முன்னால் உட்காரவைத்து மாட்டுவண்டிப் பந்தயம் காட்டக் கூட்டிப்போனவர் அவர்.

பெரியவர்களை வைத்துப் பேசி, மாசக் கடைசியில் அத்தையைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். அம்மா உலைக்கு அரிசி அளக்கும்போது மட்டும் படியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். அத்தையைக் கொண்டுபோய் விடும்போது நானும் போகலாம், போனால் கொடை முடியும்வரை இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அத்தை அழுது நான் பார்க்கவில்லை. வந்த மூன்றாம் நாள் அவளாகவே துறைமுகச் சாலைக்கு பஸ் ஏறிப் போய், ஓர் ஏற்றுமதி ஆபீஸில் வேலை கேட்டுவிட்டு வந்தாள். கம்ப்யூட்டர் தெரியுமா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். பச்சைப் பொய். தூசி துடைப்பதற்குத் தவிர அவள் கம்ப்யூட்டரைத் தொட்டது கிடையாது.

"வேலை நிலைச்சா நான் போகலைண்ணே. நிலைக்கலைன்னா நீ சொல்லுத மாதிரியே போறேன்," என்றாள் அப்பாவிடம். அப்பா கையிலிருந்த லாரிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சரி என்றார்.

திங்கட்கிழமை சேர வேண்டும். இடையில் ஆறு நாள். வாத்தியார் நான். அத்தை ப்ளஸ் டூ முடித்தவள், அதோடு கற்பூரப் புத்தி. சிப்பியைத் திற, உப்பளத்துக்குப் போ, வெற்றிலையை விரி என்று நான் சொல்லச் சொல்ல அவள் செய்துகொண்டே போனாள். வலது கை ஒத்துழைக்காததால் மவுஸை இடது கையில் பிடித்தாள். அதற்குத் தோதாக மவுஸின் இரண்டு பட்டன்களையும் இடம் மாற்றிக் கொடுத்தேன். சனிக்கிழமை அவள் ஒரு கடிதத்தைத் தப்பில்லாமல் அடித்து முடித்தபோது, இந்த ஊரிலேயே என்னைப்போல் வாத்தியார் கிடையாது என்று எனக்கே தோன்றியது. நான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஆபீஸ் திரையில் சிப்பி இல்லை, நண்டு இல்லை, ஒன்றுமே இல்லை. வெறும் நீலம், இடது ஓரத்தில் பொடிப்பொடியாகப் படங்கள். அத்தை பழக்கத்தில் மவுஸை இடது பக்கம் நகர்த்தி வைத்து அமுக்க, தொட்டதற்கெல்லாம் ஒரு பட்டியல் விரிந்ததே தவிர எதுவும் திறக்கவில்லை. கடைசியில் மேனேஜரிடமே போய், "சார், உப்பளம் எங்கன இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அவர் பாவம், கேட்டைத் தாண்டி இடது கைப் பக்கம் என்று வழி சொல்லியிருக்கிறார். பக்கத்து மேஜைக்காரர்கள் சாயங்காலம் வரை சிரித்திருக்கிறார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. புதன்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் முடியாதம்மா என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் அத்தை அடுக்களையில் நின்றபடி, யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, வேலை போனால் கொடைக்குப் போகலாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. அதை இப்போது ஒளித்துப் பயனில்லை.

அத்தை இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். ஒரு பழைய பில்லின் பின்பக்கம் ஆபீஸ் திரையை அப்படியே வரைந்திருந்தாள். எந்தப் படம் எத்தனையாவது வரிசையில் இருக்கிறது, அதன் நிறம் என்ன, கீழே என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் இருந்தது. அவ்வளவு சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்து அதை வரைந்திருக்கிறாள்.

"ஏளா, இதே மாதிரி ஆக்கு."

முடியாது என்றேன். மூன்று மாத உழைப்பு. நண்டை நடக்கவைக்க மட்டும் எனக்கு ஒரு வாரம் பிடித்தது. "நீ விளாத்திகுளத்துக்கே போ அத்தே. நானும் கூட வாரேன்," என்றேன்.

"நீ வருவே. ரெண்டு நாள் இருந்துட்டுத் திரும்பிருவே," என்றாள். பிறகு என்னிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் தானே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

எதை எங்கே மாற்றுவது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வெற்றிலையை இழுத்து மீன்கூடையில் போட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். உப்பளத்தையும் அவள் கூடைக்கு இழுத்துப்போனபோது பொறுக்க முடியவில்லை. வேலையைத் தப்பாகச் செய்வதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் பழையபடி ஆக்க அந்த மென்பொருளில் ஒரே ஒரு பட்டன்தான் இருந்தது. அமுக்கினேன். மூன்று மாதமும் மூன்று நொடியில் போய்விட்டது. அழுதேன். அழுதுகொண்டே தாளைப் பார்த்து, படங்களை வரிசையில் நகர்த்தி வைத்தேன். ஆபீஸில் மட்டும் இருந்த ஒரு மென்பொருளுக்கு அதே நிறத்தில் பொய்ப்படம் ஒன்று வரைந்து வைத்தேன். இரண்டு படங்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிட்டது என்று அத்தை அதையும் நகர்த்தச் சொன்னாள்.

"மவுஸ் பட்டனையும் மாத்திரு."

"உன் கை வலிக்குமே?"

"வலிக்கட்டும்."

அன்று சாயங்காலம் தொடங்கிப் புதன்கிழமை காலை வரை, ஆபீஸ் போன நேரம் போக, அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மணிக்கட்டு திரும்பாததால் முழங்கைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, தோளிலிருந்து மொத்தக் கையையும் அசைத்து மவுஸை நகர்த்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மா தட்டில் சோறு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அரிசி அளந்த படியின் சத்தம் முன்பு கேட்ட மாதிரி இல்லை. புதன்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வந்து, "நாளைக்கும் வரச் சொல்லிட்டாரு மதினி," என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கூட இரண்டு பெரியவர்கள். எனக்கு ஒரு பெரிய பொட்டலம் காரச்சேவு. பெரியவர்கள் நல்லது கெட்டது எல்லாம் பேசினார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப மரியாதையாக உட்கார்ந்திருந்தார். அத்தை அறையிலிருந்து வெளியே வந்து, "நான் வரலை. எனக்கு நாளைக்கு வேலை இருக்கு," என்றாள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"நான் அவளுக்குச் சொன்ன சொல்லு ஒண்ணு இருக்கு மாப்ள," என்றார் அப்பா.

அவர்கள் எழுந்து போனார்கள். நான் பொட்டலத்தோடு பைக் வரை ஓடினேன். மாமா என் தலையைத் தடவி, "அத்தைகிட்ட நீயாவது சொல்லு மருமவளே," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அத்தைமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. திரும்ப ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"மாமா எவ்வளவு நல்லவரு! ஏன் அத்தே போகமாட்டேங்கே?"

அப்பா சட்டென்று எழுந்து வாசலுக்குப் போனார். அம்மா என்னை அதட்ட வாயெடுத்தாள். அத்தை அவளைக் கையமர்த்திவிட்டு, என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். பொட்டலத்தின் நூலைப் பிரிக்க அவள் வலது கைக்கு வரவில்லை. பல்லால் கடித்துப் பிரித்து என் மடியில் வைத்தாள்.

"உனக்கு அவரு நல்லவருதான்ளா. தின்னு."

தின்றேன். சேவு நல்ல காரமாக, மொறுமொறுவென்று இருந்தது. நான் தின்று முடிக்கும்வரை அத்தை பக்கத்திலேயே இருந்தாள், ஆனால் ஒன்றுகூட எடுத்து வாயில் போடவில்லை. கொடை போன வருத்தம் அவளுக்கும் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.