யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஃபக்டரி கூப்பிட்டனான்

ஊருக்கு ஃபக்டரி பிடிக்கிறது மாப்பிள்ளை பிடிக்கிறதை விடக் கஷ்டமான தொழில். மாப்பிள்ளை வீட்டார் பொம்பிளையை மட்டும்தான் பாப்பினம், ஃபக்டரிக்காரர் எங்கடை தண்ணி, கரண்ட், காத்திலை பறக்கிற தூசி எல்லாத்தையும் பாப்பினம்.

என்ரை வேலை அதுதான். வெளியிலை இருந்து வாற கொம்பனிக்காரரை வானுக்குள்ளை ஏத்திக்கொண்டு திரிஞ்சு, இஞ்சை என்னென்ன நல்லது கிடக்கு எண்டு காட்டுறது. இப்பவும் ஒரு கூட்டத்தை ஏத்தப் பலாலி எயார்போட்டுக்குப் போற வழியிலை இதை ஃபோனிலை அடிக்கிறன். எழுத்துப்பிழை கிடந்தால் றோட்டிலை உள்ள பள்ளம் கிடங்குகளை ஏசுங்கோ. "எங்கடை இடத்துக்கு வாங்கோ, வாங்கோ" எண்டு கத்தித் தொண்டை காஞ்ச ஆக்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

இதுக்கு முதல் வந்தது சென்னைக் கொம்பனி ஒண்டு. ஆஸ்பத்திரி மெசினுகளுக்குள்ளை போற நகத்தளவு சென்சர் செய்யிறவை. புதுசா ஃபக்டரி போட இடம் தேடினவை: ஒண்டில் யாழ்ப்பாணம், இல்லாட்டி ஒசூர். இடம் பாக்க வந்தவர் ரமணன் சார். எனக்கு இதிலை ஒரு சொந்த வேண்டுதலும் இருந்தது. என்னோடை கம்பசிலை படிச்ச தர்சிகா எஞ்சினியர், படிச்ச படிப்புக்கு ஊரிலை வேலை இல்லை. "இந்த ஃபக்டரி வந்தால் நிப்பன், வராட்டி வெளிக்கிட்டிடுவன்" எண்டு சொல்லிப்போட்டாள். அவள் எனக்கு ஆர் எண்டு கேளாதேங்கோ. நான் இன்னும் அவளிட்டையே கேக்கேல்லை.

சுவர் நிறையப் பட்டதாரிகள்

எங்கடை பெரிய பலம் படிப்பு. அதைக் கண்ணாலை காட்டுவம் எண்டு, உரும்பிராயிலை என்ரை பெரியம்மா வீட்டுக்கு ரமணன் சாரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனன். உள்ளை போனால் சுவர் முழுக்கக் கறுப்புக் கவுணும் தொப்பியும் போட்ட படங்கள். "இவர் மெக்கானிக்கல், இவ எலக்ட்ரோனிக்ஸ், இவன் றோபோ செய்யிறவன்!" எண்டு நான் துள்ளித் துள்ளிக் காட்டினன். பெரியம்மாவும் விடேல்லை, ஒவ்வொரு படத்துக்கும் கீழை நிண்டு இடத்தைச் சொன்னா: ரொறன்ரோ, மெல்பேண், ஒஸ்லோ, லண்டன்.

ரமணன் சார் இடியப்பத்தைச் சொதியிலை குழைச்சபடி எல்லாத்தையும் கேட்டார். பேந்து மெல்லமாக் கேட்டார்: "எல்லாரும் சூப்பர் தம்பி, ஆனா இதுல யாரு நாளைக்குக் காலைல வேலைக்கு வருவாங்க?"

பேனையாலை பாத்த தண்ணி

அடுத்தது இணுவிலிலை ஒரு தோட்டக்கார ஐயாவின்ரை கிணறு. "சீனி மாதிரித் தண்ணி சார்!" எண்டு வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனன். ரமணன் சார் பேனை மாதிரி ஒரு சாமானை வாளிக்குள்ளை விட்டுப் பாத்திட்டு நெத்தியைச் சுருக்கினார். குடிக்க அருமையாம், ஆனால் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை ஊறி வாற தண்ணியாலை சென்சர் கழுவேலாதாம். அதை வடிகட்டத் தனியா ஒரு கட்டடம் வேணுமாம். "கட்டுவம் சார், கட்டுவம்!" எண்டு நான் நிண்ட இடத்திலையே கட்டி முடிச்சிட்டன். ஐயாவுக்கோ, குறை சொன்னது மட்டும்தான் காதிலை விழுந்தது.

"தம்பி, முதல் உந்த மனுசனைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு, என்ரை தண்ணியை நாக்காலை பாக்காமல் பேனையாலை பாக்கிறவரோடை எனக்கொரு கதையும் இல்லை."

பிரான்சிலை இருக்கிற அக்காவின்ரை மாமரம்

அரியாலையிலை வடிவான வெறும் காணி ஒண்டு. சீதனம் சீதனமாக் குடுத்து எங்கடை காணியள் எப்பிடித் துண்டுபட்டுக் கிடக்கு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. அந்தக் காணிக்குச் சகோதரியள் நாலு பேர், ஆளுக்கொரு நாட்டிலை. வீடியோ கோலிலை எல்லாரையும் ஒண்டாப் பிடிச்சன். மூண்டு பேர் ஓம் எண்டிட்டினம். பிரான்சிலை இருக்கிற மூத்தக்கா மட்டும், தன்ரை துண்டிலை நடுவிலை நிக்கிற கறுத்தக்கொழும்பான் மாமரத்தைத் தொடப்படாது, தான் வந்து பழம் சாப்பிட வேணும் எண்டா.

"எப்பம்மா வருவீங்க?" எண்டு ரமணன் சார் கேட்டார். அக்கா சொன்னா: "அதை இப்ப சொல்லேலாது தம்பி, ஆனால் வருவன்."

திருநீறு

ஒரு தொழில்நுட்பக் கல்லூரியிலை, ஃபக்டரி வேலைக்கு விண்ணப்பிச்ச ஆக்களுக்குக் கைத்திறன் பரீட்சை. தூசியே இல்லாத ஒரு அறையைச் சோடிச்சு, தூசி அளக்கிற மெசினும் வைச்சிருந்தம். நாள் குறிச்சது நான். வெள்ளிக்கிழமை எண்டதை நான் யோசிக்கேல்லை. பெடியள், பெட்டையள் எல்லாம் கோயிலுக்குப் போட்டு நெத்தி நிறையத் திருநீறோடை வந்து நிக்கினம். வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு முதல் ஆள் உள்ளை போனதுதான், மெசின் சிவப்பு லைட் அடிச்சுக் கத்தத் தொடங்கிட்டுது. கழுவச் சொன்னால் ஒருத்தரும் கழுவினமில்லை. பரீட்சையண்டு திருநீறை அழிக்கிறதோ?

தர்சிகாதான் முதல் ஆளாப் பைப்படிக்குப் போய் முகம் கழுவினாள். பிறகு உள்ளை இருந்து, தலைமயிரை விட மெல்லிய கம்பியை ஒரே தரத்திலை பொருத்தினாள். ரமணன் சார் அவளின்ரை கையையே பாத்துக்கொண்டு நிண்டார். இனி ஃபக்டரி எங்கடைதான் எண்டு நான் முடிவே கட்டிட்டன்! வெளியிலை வந்து, பைப்படியிலை இன்னும் தயங்கி நிண்டவையைப் பாத்து அவள் சொன்னது: "பிள்ளையார் வெளியிலை நிண்டு எங்களைப் பாக்கட்டும், உள்ளை வாறதெண்டால் அவரும் தொப்பி போடத்தான் வேணும்."

ஃபோன் கோல் வந்த அண்டு

"தண்ணியும் நிலமும் சரியாக ரொம்ப நாள் ஆகும்னு மேல சொல்லிட்டாங்க தம்பி, ஒசூர்தான்" எண்டார் ரமணன் சார். குரலிலை உண்மையாவே கவலை. பிறகு ஒரு சந்தோசச் செய்தி மாதிரி, தர்சிகாவை ஒசூர் ஃபக்டரிக்கு எடுக்கினம் எண்டும் சொன்னார்.

பின்னேரம் அவள் நான் வேலை செய்யிற கந்தோர் வாசலிலை ஸ்கூட்டியை நிப்பாட்டினாள். போகாதை எண்டு சொல்லத்தான் இறங்கி ஓடினனான். வாய் பழகின வாய்தானே: நல்ல கொம்பனி, நல்ல லாப், இப்பிடிச் சந்தர்ப்பம் வராது எண்டு ஒசூரின்ரை அருமை பெருமையை எல்லாம் அடுக்கிப்போட்டன். அவள் முழுக்கக் கேட்டாள். ஹெல்மெட்டைப் போட்டாள்.

"ஊரிலை ஆக்களை நிப்பாட்டுறதுதானேடா உன்ரை வேலை, என்னை மட்டும் ஏன் மறிக்கேல்லை?"

பிளேன் இறங்கிட்டுது, நான் போகவேணும். யாழ்ப்பாணத்திலை அப்பிடி என்ன நல்லது கிடக்கு எண்டு இண்டைக்கு வாறவை கேட்டால், ஒசூருக்குப் போன ஒண்டைத் தவிர மிச்சம் எல்லாத்தையும் சொல்லுவன்.