கடைசிப் பாகத்தில் அவன் வீடு திரும்பினான்

இடைவேளைக்கு விளக்குகள் எரிந்ததும் எல்லாரும் பப்ஸுக்கும் டீக்கும் எழுந்து ஓடுவார்கள். என் மதினி மட்டும் இருக்கையை விட்டு அசையாமல், கைப்பையிலிருந்து போனை எடுத்து அண்ணனை அழைப்பார். அண்ணன் வளைகுடாவில் வெல்டர். அங்கேயும் அதே வெள்ளிக்கிழமை அதே படம் வெளியாகியிருக்கும். அந்த ஊர்த் தியேட்டரில் இடைவேளை விடமாட்டார்கள் என்பதால், மதினியின் அழைப்பு வந்ததும் அண்ணன் இருட்டில் தடவிக்கொண்டு வெளியே வருவார். அவர் பார்ப்பது இங்கிலீஷில், பாதி புரியாது. மதினி பார்ப்பது தமிழ் டப்பிங்கில், எல்லாமே புரியும். "அந்த நரச்ச தலக்காரன் நல்லவன் இல்லங்க, நம்பிறாதீங்க. எண்ணெயத் திருடுனதே அவன்தான்" என்று விளக்குவார். புதுக்கோட்டைத் தியேட்டரின் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கணவனுக்கு விண்வெளிச் சண்டையை விளக்கிச் சொன்ன பெண் அநேகமாக என் மதினி ஒருவராகத்தான் இருக்க முடியும். நான் எங்கள் இருவருக்கும் வாங்கிய டீயைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நிற்பேன். பேச்சு முடிவதற்குள் டீ ஆறிவிடும்.

அந்த விண்வெளிப் படத் தொடரின் முதல் படத்தை மட்டும் மூவரும் சேர்ந்து பார்த்தோம். அண்ணனுக்குக் கல்யாணமான புதிது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். புதுப்பெண்ணைத் தனியாக சினிமாவுக்குக் கூட்டிப்போவதா என்று அம்மா முகம் சுளித்ததால் துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். வல்லத்திராக்கோட்டையில் பஸ் ஏறும்போது மதினி தலை நிறையப் பூ வைத்திருந்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புக்கார வீட்டில் பிறந்த அவர் அதுவரை ஓர் இங்கிலீஷ் படம்கூடப் பார்த்ததில்லை. என்ன படம் என்று கேட்டதற்கு அண்ணன், "நம்மள மாதிரி ஒரு வெல்டரோட கதை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மதினி குடும்பப் படம் என்று நம்பி வந்திருந்தார்.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. படத்தின் நாயகன் ஒரு விண்கலத்தில் பற்றவைப்பு வேலை செய்கிறவன். மனைவியையும் பெண்குழந்தையையும் பூமியில் விட்டுவிட்டு, தூரத்துக் கிரகம் ஒன்றில் சுரங்கம் தோண்டப் போகிறவர்களோடு கூலிக்குப் போகிறான். அங்கே எல்லாம் கெட்டுப்போகிறது. திரும்பி வர இருந்த கலத்தின் கதவு அவன் கண்ணெதிரே மூடிக்கொள்வதோடு படம் முடியும். விளக்கு எரிந்த பிறகும் மதினி எழவில்லை. "அப்ப அவன் வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டார். "அடுத்த பாகத்துல போவான்" என்றார் அண்ணன். "அவனக் கட்டுன அந்தப் புள்ள அதுவரைக்கும் என்ன செய்யும்?" என்று மதினி கேட்டார். சில வாரங்களில் அண்ணனும் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்.

அடுத்து வந்த மூன்று பாகங்களையும் நானும் மதினியும்தான் பார்த்தோம். இரண்டாம் பாகத்தில் எரிபொருளைத் திருடிவிட்டார்கள். மூன்றாம் பாகத்தில் திரும்பும் கலத்தில் தனக்குக் கிடைத்த இடத்தை அவன் ஒரு நோயாளிக்கு விட்டுக்கொடுத்தான். மதினிக்கு அது பிடிக்கவே இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், "ஊருக்கெல்லாம் நல்லவனா இருக்கான். கட்டுனவள நெனச்சானா?" என்று ஏதோ பங்காளி வீட்டு விவகாரம்போல் அங்கலாய்த்துக்கொண்டே வந்தார். நான்காம் பாகத்தின் முடிவில் கலம் பூமியை நோக்கிக் கிளம்பியேவிட்டது. ஆனால் ரேடியோ செத்துப்போனது. அதற்குள் எனக்குப் படிப்பு முடிந்து, ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீசியன் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகியிருந்தது. அண்ணன் மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அண்ணன் ஒவ்வொரு விடுமுறையின்போதும் "இந்த ஒரு தடவதான்" என்று சொல்லிப் போவார். அம்மாவும் நானும் அதை நம்புவோம். மதினி நம்பினாரா என்று தெரியாது. பெட்டி கட்டுகிற வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டார்.

ஐந்தாவது பாகம்தான் கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். 'அவனது இறுதிப் பயணம்' என்று சுவரொட்டியில் போட்டிருந்தது. நாயகன் செத்துப்போவான் என்று நெட்டில் பேசிக்கொண்டார்கள். அது வெளியாவதற்கு முந்தின வாரம் அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் மதினிக்குப் போன் செய்தார். வேலை செய்துகொண்டிருந்த சாரம் சரிந்து அண்ணன் கீழே விழுந்துவிட்டதாகவும், இடுப்பிலும் தொடையிலும் அடி என்றும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எனக்குத் தெரியும். உள்ளே ரத்தம் கசிந்து உடம்பு தேறாமல் இருந்ததால் எலும்பு ஆபரேஷனைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். கடைசியில் அது படம் வெளியாகிற வெள்ளிக்கிழமையிலேயே வந்து விழுந்தது.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அண்ணன் மதினியோடு பேசினார். சேதி கேட்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்த நான் பக்கத்தில் இருந்தேன். குரல் மிகவும் மெலிந்திருந்தது. மகளைப் பற்றிக் கேட்டார், அம்மாவுக்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, "இன்னைக்குத்தான படம்? நான் இங்க எங்கிட்டுப் போய்ப் பாக்க? நீங்க ரெண்டு பேரும் பாத்துருங்க. நான் முழிச்சதும் முடிவு என்னன்னு சொல்லணும்" என்றார். மதினி "சரிங்க, சரிங்க" என்றார். போனை வைத்த பிறகு முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னால ஆகாது புள்ள. நான் போன விட்டு நகர மாட்டேன். நீ போயிட்டு வா."

"இப்பப் போய் என்ன படம் மதினி? அண்ணன் ஏதோ சொல்லுது."

"கேட்டாருல்ல? அவரு முழிச்சுக் கேட்டா நான் என்ன சொல்றது? நீ பாத்துட்டு வந்து சொல்லு." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவன் வந்துட்டான்னா மட்டும் சொல்லு."

அப்படித்தான் நான் தனியாகப் படம் பார்க்கப் போனேன். சகுனம் பார்க்கிறவள் இல்லை நான். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கிறவள். ஆனாலும் பஸ்ஸில் போகும்போதே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவன் செத்தாலும் சரி, மதினியிடம் 'வந்துவிட்டான்' என்றுதான் சொல்லப்போகிறேன்.

படம் தொடங்கியவுடனேயே தெரிந்துவிட்டது, கதையை எப்படி முடிப்பது என்று எடுத்தவர்களுக்கே தெரியவில்லை என்பது. இரண்டாம் பாகத்தில் வெடித்துச் சிதறிய நரைத்த தலைக்காரன் நடந்து வந்தான். கேட்டால் அவனுடைய அண்ணனாம். நான்கு பாகங்களாக வாயே திறக்காத பெட்டி வடிவ எந்திரம் ஒன்று திடீரென்று பேச ஆரம்பித்தது, அதுவும் கோயம்புத்தூர்த் தமிழில். "ஏனுங்க, இந்தப் பக்கம் போனா செத்துப்போவமுங்க" என்று அது சொன்னபோது தியேட்டரே குலுங்கியது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் ஆபரேஷன் ஞாபகம் வந்து போனை எடுத்துப் பார்த்தேன். இடைவேளையில் மதினியை அழைத்தேன். "இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு நான் டீ வாங்கவில்லை.

இரண்டாம் பாதியில் படம் இன்னும் மோசமானது. கலத்தில் எரிபொருள் தீர்ந்தது, காற்று தீர்ந்தது. நாயகன் உடைந்த தகடுகளைப் பற்றவைத்துக்கொண்டே மனைவிக்குக் கடைசி வார்த்தைகளைப் பேசிப் பதிவுசெய்யத் தொடங்கினான். போச்சு, கொல்லப்போகிறார்கள் என்று கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, இத்தனை பாகங்களில் எங்கேயும் யாரும் சொல்லாத ஒரு ரகசியப் பொத்தான் இருப்பதாக அந்தப் பெட்டி சொன்னது. அழுத்தினான். கலம் வளிமண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வந்து கடலில் விழுந்தது. அவ்வளவு பெரிய கடலில், அவன் மனைவி மீன் பிடிக்க வந்திருந்த படகுக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

"டேய், லொகேசன் போட்டு வந்தியாடா!" என்று ஒருவர் கத்தினார். "பொத்தான மொதப் பாகத்துலயே அமுக்கியிருந்தா எங்களுக்குக் காசு மிச்சம்டா!" என்றார் இன்னொருவர். விசில் பறந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில் என் மடியில் போன் அதிர்ந்தது.

"முடிஞ்சிருச்சாம் புள்ள. நல்லபடியா முடிஞ்சிருச்சாம். கண்ணு முழிச்சுத் தண்ணி கேட்டாராம்." மதினி அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். திரையில் நாயகன் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினான். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. பக்கத்து இருக்கைப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் படத்துக்கெல்லாம் அழுகிறாளே என்று நினைத்திருப்பாள்.

"என்ன சத்தம் அங்கிட்டு?" என்றார் மதினி. "அவன் என்ன ஆனான்?"

"வந்துட்டான் மதினி. வீட்டுக்கு வந்துட்டான்."

"நெசமாவா? எனக்காகச் சொல்லாத."

"நெசமாத்தான். இந்தா, சிரிக்கிறாங்கல்ல."

"படம் நல்லாருக்கா?"

"கேவலமா இருக்கு மதினி."

மதினி சிரித்தார். ஒரு வாரமாகச் சோறு இறங்காத மனுஷி, அழுத மூக்கோடு விட்டுவிட்டுச் சிரித்தார். அம்மா பின்னாலிருந்து என்ன, என்ன என்று பதறுவது கேட்டது. பெயர்கள் ஓடி முடிந்து, பெருக்குகிறவர்கள் உள்ளே வரும்வரை நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல வெயில். உடம்பிலிருந்து ஏதோ ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு தட்டு பரோட்டா வாங்கி, ருசித்துச் சாப்பிட்டேன்.

அண்ணன் இரண்டு கைகளிலும் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். கம்பெனிக்காரர்கள் குணமானதும் திரும்பி வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தப் படம் டிவியில் வந்தபோது எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். அண்ணன் பொறுமையிழந்துபோனார். "என்ன கத இது? வெளிய வெற்றிடம், அங்க நின்னு இப்படிப் பத்த வைக்க முடியுமா? பொத்தான் எங்கேர்ந்து வந்துச்சு? லாஜிக்னு ஒண்ணு வேணாம்? இத்தன வருசம் பாத்ததுக்கு இதான் முடிவா?"

மதினி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "லாஜிக்க வச்சு என்னங்க செய்ய? அந்தப் புள்ளைக்குப் புருசன் வந்தான்ல" என்றார். அண்ணன் மிச்சப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் பெட்டி மறுபடி வாயைத் திறந்தபோது அவரும் சிரித்தார்.

விமர்சனம் எழுதுகிறவர்கள் அந்தப் படத்தைக் கிழித்து எறிந்தார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் சரி. நல்ல தொடர் அதைவிட நல்ல முடிவுக்குத் தகுதியானது. யாராவது கேட்டால் நானும் அப்படித்தான் சொல்வேன். அறிவோடு எடுக்கப்பட்ட ஒரு முடிவில் அவன் அநேகமாகச் செத்திருப்பான். அந்த வெள்ளிக்கிழமை நான் அதை எப்படித் தாங்கியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறபோது, அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்த யாரோ ஒரு சோம்பேறிக் கதாசிரியருக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

இப்போது அண்ணன் திருவரங்குளம் சாலையில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட், ஜன்னல் கிரில், ஷெட்டுக்குக் கம்பி. கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார். சோற்றுக்கு மதினி அழைத்தால் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்.

போன மாதம் ஒரு செய்தி வந்தது. கடைசி என்று சொல்லி முடித்த அந்தத் தொடரில் ஆறாவது பாகம் எடுக்கப்போகிறார்களாம். நாயகன் மறுபடி கலத்தில் ஏறுவதுபோல் ஒரு படத்தைப் போட்டிருந்தார்கள். பட்டறைக்குப் போயிருந்தபோது அண்ணனிடமும் அங்கே வந்திருந்த மதினியிடமும் போனில் அதைக் காட்டினேன். அண்ணனின் முகம் மலர்ந்தது. "வரட்டும், இந்தத் தடவையாச்சும் மூணு பேரும் தியேட்டர்லயே பாத்துருவோம்" என்றார்.

மதினி போனை வாங்கிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க அண்ணனும் தங்கச்சியும் போயிட்டு வாங்க. நான் வரல. வீடு வந்து சேந்தவனத் திரும்ப ஏத்திவிடுறத எல்லாம் என்னால உக்காந்து பாக்க முடியாது."

அண்ணன் என்னைப் பார்த்தார். வெல்டிங் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, "அப்ப வேணாம். போக வேணாம்" என்று சொல்லிவிட்டு, பற்றவைத்துக்கொண்டிருந்த கேட்டின் கம்பிமேல் குனிந்தார்.