உண்மை மொழிபெயர்ப்பு எனச் சான்றளிக்கிறேன்

புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்று அனுமதிக்கிற பரீட்சையில்தான் ஆட்கள் அதிகம் தோற்கிறார்கள். அரசு ஊழியர்களுக்கான இலாகா தேர்வு அப்படிப்பட்டது. சேவை விதிகள் புத்தகம் மேசைமேல் இருக்கும், கேள்வித்தாளும் இருக்கும். பக்கம் புரட்டுவதிலேயே மூன்று மணி நேரம் போய்விடும். நான் மூன்றாவது முறைதான் தேறினேன். அதனாலேயே மைசூரில் எங்கள் அலுவலகத்தில் அந்தத் தேர்வுக்கு நான் நிபுணன் ஆனேன். என் பக்கத்து மேசை நண்பனும் என்னைப்போலத் தமிழன்தான்; முதல் முறையே தேறியவன். அவனிடம் யாரும் யோசனை கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவன் ஒரு காய்ச்சலில் இறந்துபோனான். கருணை அடிப்படையில் அவன் மனைவிக்கு எங்கள் அலுவலகத்திலேயே எழுத்தர் வேலை கிடைத்தது. விண்ணப்பத்தை நான்தான் தயார் செய்தேன். இணைப்புகள் பதினொன்று, எதையும் திருப்பி அனுப்ப அவர்களால் முடியவில்லை. ஆனால் ப்ரொபேஷன் காலம் முடிவதற்குள் இலாகா தேர்வில் தேறியாக வேண்டும். தேறாவிட்டால் எழுத்தர் வேலை போய்விடும்.

அவர் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கௌதள்ளிக்காரர். தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கன்னடம் தண்ணீர்போலப் பேசுவார், பேசுகிறதை அப்படியே தப்பில்லாமல் எழுதுவார். வாசிப்பதுதான் எழுத்தெழுத்தாக. பள்ளிக்குப் போகும் ஒரே மகளோடு நஞ்சன்கூட்டில் குடியிருந்து, காலை ரயிலில் வேலைக்கு வருவார். இரண்டு முறை தேர்வு எழுதினார். இரண்டு முறையும் பாதித் தாளோடு மணி அடித்துவிட்டது. ப்ரொபேஷனை ஒருமுறை நீட்டித்தார்கள். அடுத்ததுதான் கடைசி வாய்ப்பு.

அப்போதுதான் நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். மதிய உணவு நேரத்தில், பழைய கோப்புகள் வைக்கும் அறையில் பாடம்.

"பாத்து எழுதற பரீட்சைக்கு எதுக்குங்ணா படிக்கோணும்?" என்று முதல் நாளே கேட்டார்.

"கடையில அரிசி இருக்குன்னு வீட்ல வயிறு ரொம்பிடுமா?"

"எங்க வூட்டுக்காரரு உங்களப் பத்திச் சொன்னது சரிதானுங்க. வாயத் தொறந்தா விதி எண்ணு, இல்லாட்டிப் பழமொழி."

இது பழமொழியே அல்ல, என் சொந்தச் சரக்கு என்றேன். கணவன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் புத்தகத்தைத் தொடக்கூடாது. கேள்வித்தாளை முழுக்கப் படித்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் விதி எண்ணைக் குறிக்க வேண்டும். நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் எழுத வேண்டும். விடையின் முதல் வரியில் விதி எண். பிறகு அந்த விதி என்ன சொல்கிறது, கேள்வியில் வரும் ஊழியருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று நாலு வாக்கியம். கடைசி வரியில் முடிவு: விடுப்பு உண்டு, அல்லது இல்லை. திருத்துகிறவரும் ஒரு குமாஸ்தாதான், அவருக்கும் பசிக்கும். முதல் வரியில் எண்ணையும் கடைசி வரியில் முடிவையும் கண்டுவிட்டால் நடுவில் இருப்பதை மன்னித்துவிடுவார்.

ஒரு மாதத்தில் எண்கள் அவருக்கு மனப்பாடமாயின. ஆனால் பக்கத்தைத் திறந்து அந்தக் கன்னட வரியைக் கண்டுபிடிப்பதற்குள் ஏழெட்டு நிமிடம் ஓடியது. அந்தப் புத்தகம் அவர் கணவனுடையது. காக்கி அட்டை போட்டு, உள்ளே ஒரு கோடுகூடக் கிழிக்காமல் வைத்திருந்தான். நான் ஒரு சனிக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்துப் போய், ஓரங்களில் பென்சிலால் தமிழில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். 'இங்கே மூன்றாவது வரி.' 'இதைக் கட்டாயம் கேட்பார்கள்.' 'பயப்படாமல் மெதுவாகப் படிக்கவும்.' அடுத்த வாரமே அவர் இரண்டு நிமிடத்தில் வரியைத் தொட்டார்.

ஹால் டிக்கெட்டின் பின்புறத்தில், கையால் எழுதிய எதுவும் புத்தகத்தில் இருக்கக்கூடாது என்று அச்சடித்திருந்தது. அதை அவர்தான் காட்டினார்.

"இத அழிச்சுப் போடட்டுங்களா?"

"பென்சில் எழுத்தெல்லாம் எழுத்தே இல்லம்மா. எல்லாரும் கன்னடத்துல கிறுக்கிட்டுதான் வராங்க. ஒரு சூப்பர்வைசரும் தொடமாட்டார்."

அது உண்மைதான். விதிகளை நன்றாகத் தெரிந்தவனுக்கு எந்த விதியை யாரும் பார்ப்பதில்லை என்பதும் தெரியும். தெரியாத எழுத்தைக் கண்டால் சூப்பர்வைசர் என்ன நினைப்பார் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. கன்னடக் குறிப்பு என்றால் படித்துப் பார்த்து, இவ்வளவுதானா என்று விட்டுவிடுவார். தமிழை அவர் என்னவென்று நினைப்பார்? விடைகள் என்றுதான்.

தேர்வு நாளில் கல்லூரி வாசலில் காத்திருந்தேன். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்தார்.

"என்னம்மா, எனக்கு மூணு தடவ ஆச்சு, நீங்க முக்கால் மணியில முடிச்சுட்டீங்களா?" என்றேன். அதன் பிறகுதான் அவர் கையில் புத்தகம் இல்லாததைப் பார்த்தேன்.

"புஸ்தகத்த வாங்கி வெச்சுக்கிட்டாங்கண்ணா. காப்பின்னு எழுதிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரு எழுதுனதுன்னு கேட்டாங்க. அவரு எழுதுனதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"எவரு?"

"எங்க வூட்டுக்காரரு."

"அவன் அதுல ஒரு புள்ளி வெச்சதில்லையேம்மா!"

"செத்தவர யாருங்க கூப்பிட்டு விசாரிப்பாங்க? உங்க பேரச் சொன்னா உங்க வேலைக்கும் வந்துருமுங்க. பென்சனுக்கு ஏழு வருசந்தான இருக்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்து மணி வெயிலே இப்படி அடிக்குது" என்றார்.

நான் மறுக்கவில்லை. உள்ளே போய்ச் சொல்லவும் இல்லை. பேருந்து நிறுத்தம்வரை கூட நடந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் புத்தகம், உறையிட்டு முத்திரை வைத்து, எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. தமிழ் தெரிந்த பொறுப்பான அலுவலர் ஒருவர் குறிப்புகளைக் கன்னடத்தில் மொழிபெயர்த்துச் சான்றளிக்க வேண்டும் என்று கடிதம். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அந்த அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர்மேல்தான் விசாரணை.

என் குறிப்புகளை நானே மொழிபெயர்த்தேன். மொத்தம் இருபத்துமூன்று. பக்க எண், வரி எண், மூலம், பெயர்ப்பு. 'பயப்படாமல் மெதுவாகப் படிக்கவும்' என்பதையும் விடவில்லை. கீழே, உண்மை மொழிபெயர்ப்பு எனச் சான்றளிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதில் பொய் இல்லை. குறிப்புகளை எழுதிய கை யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை, அதற்குப் படிவத்தில் கட்டமும் இல்லை. அலுவலகத்தில் நான் தமிழில் எழுதி யாரும் பார்த்ததில்லை.

விடைகள் எதுவும் இல்லை என்பதால் தண்டனை குறையும் என்று நம்பினேன். குறிப்பு குறிப்புதான் என்று மூன்று தேர்வுகளுக்குத் தடை விதித்தார்கள். அதற்குள் ப்ரொபேஷன் முடிந்துபோனது. வேலையே போகாமல், கருணையோடு அட்டெண்டராக இறக்கினார்கள். அந்தக் கருணை மனுவையும் நான்தான் எழுதினேன். அழகான மனு.

அதன் பிறகு என் மேசைக்குக் கோப்புகளை அவர்தான் கொண்டுவந்து வைத்தார். ஒரு நாள் வைத்துவிட்டு நின்றார்.

"ஆர்டரு தபால்ல வந்துச்சில்லீங்களா, அதப் பொண்ணுதான் எனக்குப் படிச்சுக் காட்டுச்சு. அதுக்கு என்னவிடக் கன்னடம் நல்லா வருமுங்க. மறைந்த கணவர் எழுதிய குறிப்புன்னு இருந்துச்சு. அப்பாவும் காப்பி அடிச்சுத்தான் பாஸ் பண்ணுச்சாம்மான்னு கேக்குதுங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். இல்லைன்னா வேற யாரு எழுதுனதுன்னு கேக்குமுங்களே."

"நான் வந்து சொல்றேம்மா."

"எப்ப வர்றீங்க?"

ஞாயிற்றுக்கிழமை என்றேன். அந்த ஞாயிறு போகவில்லை. பென்ஷன் உத்தரவு கைக்கு வரட்டும், பிறகு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இருந்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. உத்தரவு வந்த பிறகு நஞ்சன்கூட்டுக்குப் போனேன். பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது.

"இப்ப எதுக்குங்ணா" என்றார் அவர். "காப்பி குடிச்சுட்டுப் போங்க."